மயிரிழையும் மூன்று சுழியும்

தினசரி காலண்டரின் ஒரு தாளை, கிழிப்பதற்கு முன்னால், அரை நிமிஷம் நிதானமாகப் பாருங்கள். நடுவில் தேதி, உள்ளங்கை அகலத்துக்கு. அதைச் சுற்றி எறும்பு ஊர்ந்த மாதிரி ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், திதி, நட்சத்திரம். பெரியவர்கள் கண்ணாடியைத் தேடுவது இந்தச் சின்ன எழுத்துக்காக. தேதி எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்தே தெரியும்.

அந்தத் தேதி எண்ணில் ஒரு விசேஷம் உண்டு. எல்லாக் காலண்டரிலும் இல்லை, ஆனால் நான் பார்த்த பலவற்றில் உண்டு. 1 என்றால் நடுத்தண்டு கட்டைவிரல் தடிமன். அது நிற்கும் அடிக்கோடு மட்டும் பிளேடு முனை மாதிரி மெலிசு. 4 என்றால் தண்டு உலக்கை, சாய்ந்து இறங்கும் கோடு மயிரிழை. ஒரே எண்ணுக்குள் யானையும் எறும்பும். பக்கத்தில் இருக்கும் தமிழ் எழுத்தைப் பாருங்கள். அதில் இந்த நாடகம் கிடையாது. எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒரே தடிமன், சின்னச் சின்னச் சுழிகள், சில இடங்களில் சுழிக்குள் மை இறங்கி அடைத்திருக்கும்.

நான் மல்லாங்கிணற்றுக்காரன். விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் வழியில் இருக்கும் ஊர். எங்கள் பக்கம் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் சொந்தத்தில் ஒருத்தராவது சிவகாசியில் பிரஸ்ஸிலோ பட்டாசிலோ இருப்பார். எழுத்து என்பது எங்களுக்கு இலக்கியமாக அறிமுகமாவதற்கு முன்பே சரக்காக அறிமுகமாகிவிடும்: கட்டுக் கட்டாக, ரீம் கணக்கில், மை வாசனையோடு. நான் படித்தது இன்ஜினியரிங், செய்வது சாஃப்ட்வேர். வேலையில் ஒருமுறை ஒரு ஆப்பின் முகப்புக்கு ‘ரிச்சா, எலிகன்டா’ ஒரு ஃபான்ட் வேண்டும் என்றார்கள். ஆங்கிலத்துக்கு ஐந்து நிமிஷத்தில் பத்து கிடைத்தது, எல்லாமே அந்தக் காலண்டர் எண்ணின் வம்சம். தமிழுக்கு ஒருநாள் முழுக்கத் தேடினேன். கடைசியில் தமிழ் முகப்பிலும் தலைப்பு ஆங்கிலத்திலேயே போனது. யாருக்கும் அது உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலில் இருந்து வந்தது.

*

முதலில் அந்த வம்சம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் என்று ஒருவர். எழுத்துக் கற்றுக்கொடுத்தவர், கல்லில் எழுத்து வெட்டியவர், அரக்குப் பூச்சுச் சாமான் விற்றுப் பணம் சேர்த்தவர். அந்தப் பணத்தை அச்சில் கொட்டினார். அப்போதைய தாள் சொரசொரப்பானது. மெல்லிய கோட்டை அதில் அச்சடித்தால் உடையும், அல்லது மை பரவித் தடிக்கும். பாஸ்கர்வில் தாளையும் மாற்றினார், மையையும் மாற்றினார், அச்சான தாளைச் சூடான செம்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்ட மாதிரி அழுத்தினார். 1757இல் அவர் வெளியிட்ட வர்ஜிலில் எழுத்தின் தடித்த கோட்டுக்கும் மெலிந்த கோட்டுக்கும் இருந்த வித்தியாசம் அதுவரை ஆங்கில வாசகர்கள் காணாதது. உடனே புகாரும் வந்தது: கண் வலிக்கிறது, இப்படியே போனால் தேசம் குருடாகிவிடும்.

பெஞ்சமின் பிராங்க்ளினும் அச்சுத் தொழில்காரர்தான். இப்படிப் புகார் சொன்ன ஒருவரிடம் அவர் பழைய கேஸ்லன் எழுத்தின் மாதிரித் தாளை, தலைப்பைக் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில் என்று சொல்லிக் கொடுத்தார். அந்த மனிதர் அதைப் பார்த்தே கண் வலி எங்கெங்கே வருகிறது என்று விளக்கிக் காட்டினாராம். 1760இல் பாஸ்கர்வில்லுக்கே கடிதம் எழுதி இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார் பிராங்க்ளின். ஃபான்ட் பற்றிச் சண்டை போடுகிற எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை படிக்க வேண்டிய கடிதம்.

பாஸ்கர்வில் திறந்த கதவில் மற்ற இரண்டு பேர் ஓடினார்கள். பாரிஸில் ஃபிர்மின் டிடோ 1784 வாக்கில் செதுக்கிய எழுத்து. இத்தாலியின் பார்மாவில், 1768இலிருந்து பிரபுவின் அச்சகத்தை நடத்திய ஜாம்பட்டிஸ்டா போடோனியின் எழுத்து. மெலிந்த கோடு உண்மையிலேயே மயிரிழை ஆனது. எழுத்தின் கால்மாட்டிலும் தலைமாட்டிலும் வரும் செரிஃப் என்கிற சின்னப் பட்டை, வளைவே இல்லாத தட்டையான ஒற்றைக் கோடானது. பேனாவால் எழுதின ஞாபகம் எழுத்திலிருந்து அழிந்தது. செம்புத் தகட்டில் உளியால் கீறின ஞாபகம் வந்தது. போடோனி 1813இல் இறந்தார். வாழ்நாள் முழுக்கச் செதுக்கின எழுத்துகளையெல்லாம் தொகுத்த அவருடைய பெரிய கையேடு 1818இல் வந்தது, அவர் மனைவி மார்கெரிட்டா முடித்துக்கொடுத்து.

கொஞ்ச காலத்தில் அதே எழுத்து லண்டன் தெருவுக்கு இறங்கியது. மயிரிழையை அப்படியே விட்டுவிட்டுத் தடித்த கோட்டை மட்டும் ஊதிப் பெருக்கினால் ‘ஃபேட் ஃபேஸ்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாட்டரி விளம்பரங்களில் கத்தின எழுத்து இதுதான். அரண்மனைக்காரரின் பேரன் சந்தையில் கூவி விற்கப் போன கதை. நம் காலண்டர் எண் இந்தப் பேரனின் வழி. லாட்டரி என்றதும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும்வரை சீட்டு அடிப்பது சிவகாசி பிரஸ்களுக்குப் பெரிய வேலை. லண்டனில் லாட்டரியோடு வளர்ந்த எழுத்து இரண்டு நூற்றாண்டு கழித்துச் சிவகாசியிலும் லாட்டரியோடு இருந்தது.

ஆக, மயிரிழை என்பது ஐரோப்பாவில் ஒரு வசதியின் அறிவிப்பு. என்னிடம் நல்ல தாள் இருக்கிறது, நல்ல மை இருக்கிறது, உடைந்தால் திரும்பச் செதுக்க ஆள் இருக்கிறது என்று சொல்லும் கோடு. இன்றைக்கும் வோக் பத்திரிகையின் தலைப்பும் ஹார்ப்பர்ஸ் பஜாரின் தலைப்பும் டிடோ சாயலில் நிற்பது இதனால்தான். வாசனைத் திரவிய பாட்டிலில் நீங்கள் பார்ப்பதும் அதையே.

*

தமிழுக்கு இந்தக் கதை ஒட்டாது. நம் எழுத்து வளர்ந்தது பேனாவில் இல்லை, எழுத்தாணியில்.

பனையோலையில் எழுத்தாணி கீறும். கீறின பள்ளத்தில் மையைத் தடவித் துடைத்தால் எழுத்து தெரியும். எழுத்தாணிக்கு அகலம் என்று ஒன்று கிடையாது, முனை மட்டும்தான். அழுத்தினாலும் தளர்த்தினாலும் கோட்டின் தடிமன் பெரிதாக மாறாது. ஓலையின் நரம்பு போகும் திசையில் நேர்க்கோடாக இழுத்தால் கிழியும் என்பதால் கை வளைந்து வளைந்து போகும். மெய்க்குப் புள்ளி குத்துவதையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தமிழின் பிறவிக்குணம் ஒரே தடிமன் என்று சொன்னால் தவறில்லை.

1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்தப் பிறவிக்குணத்தை ஈயத்தில் வார்க்கப் பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று. பதினாறு பக்கம். ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் வேலை. எழுத்துகளில் ஒரு பகுதி 1577இல் கோவாவிலும் இன்னொரு பகுதி 1578இல் கொல்லத்திலும் வார்க்கப்பட்டது என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. முதல் தமிழ்ப் புத்தகத்திலேயே ஃபான்டுக்கு வெர்ஷன் குறிப்பு இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். வடிவம் சுவடியின் வடிவம்.

நூற்று முப்பத்தைந்து வருஷம் கழித்து இன்னொரு முயற்சி. தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்து வார்த்து அனுப்புகிறார்கள், 1713இல். அனுப்பின எழுத்து ரொம்பப் பெரிசு. அதை வைத்துப் புதிய ஏற்பாட்டை முழுக்க அடித்தால் தாள் காணாது. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள், பொறையாற்றில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். புத்தகம் 1715இல் முடிந்தது.

ஹாலேயில் செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் எழுத்தைப் பெரிசாகச் செய்தது அழகுக்காக இல்லை, வேறு வழி இல்லாமல். இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘எச்’ எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவுக்குக் கொஞ்சம் கீழே கிடையாக ஒரு நூல் பிடித்தால் நூலை இரண்டு கோடு வெட்டும். ‘எம்’ என்றால் மூன்று, நான்கு. இப்போது மூன்று சுழி ‘ண’வில் பிடியுங்கள். சுழியின் இடப்பக்கம், வலப்பக்கம், அடுத்த சுழி, அதற்கடுத்தது, கடைசியில் தண்டு. ‘ஞ’வும் ‘ஐ’யும் ‘ஜ’வும் இன்னும் மோசம், சுழிக்கு உள்ளே சுழி. எத்தனை கோடோ அத்தனை மை. மைக்கு நடுவில் வெள்ளை வேண்டும், இல்லாவிட்டால் ‘ண’ எது, ‘ன’ எது என்று தெரியாது. மனமும் மணமும் ஒன்றாகிவிடும்.

எழுத்தைச் சின்னதாக்கும்போது எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் வைத்தால் இரண்டு வழிதான். தடிமனைக் குறைக்கலாம், அப்போது ‘ப’வும் ‘ட’வும் சோகை பிடித்து நிற்கும், பக்கம் வெளிறிப்போகும். குறைக்காமல் விடலாம், அப்போது ‘ஞ’ மைப்பொட்டாகும். மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஓரிடத்தில் தடிக்கட்டும், நெருக்கடியான இடத்தில் மெலியட்டும். சுழி முடியும் இடத்தில், இரண்டு கோடு சேரும் இடத்தில் மயிரிழை. விசாலமான இடத்தில் உடம்பு.

ஐரோப்பாவில் செல்வத்தின் அடையாளமாக வந்த மயிரிழை தமிழில் நெரிசலுக்கு மருந்து. இதுதான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது. செதுக்கியவர்கள் மேல்நாட்டுப் பழக்கத்தால் தடிப்பும் மெலிவும் கொண்டுவந்தார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். பாதி உண்மை அது. பழக்கத்தால் கொண்டுவந்தது இங்கே நின்றதற்குக் காரணம், எழுத்துக்கு அது தேவைப்பட்டது.

*

இந்த மூன்றாவது வழியை நன்றாகச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு அமெரிக்கர். ஃபினியஸ் ஹண்ட். சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்தியவர். 1862இல் மிரன் வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி அங்கேதான் அச்சானது. 67,000 சொற்களுக்கு மேல், ஒரே தொகுதியில். அகராதி என்றாலே சின்ன எழுத்து. சின்ன எழுத்து என்றாலே மேலே சொன்ன நெரிசல். ஹண்ட் தன் அச்சகத்துக்காகத் தமிழ் எழுத்துகளைப் பல அளவுகளில் புதிதாகச் செதுக்க வைத்தார். அந்த அகராதியின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இணையத்தில் ஸ்கேன் கிடைக்கிறது. தலைச்சொல்லின் தமிழும் விளக்கத்தின் ஆங்கிலமும் ஒரே வரியில் சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கும். நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் ஈயத்தில் செய்ததை இன்றைக்கு என் லேப்டாப்பில் இரண்டு ஃபான்டை அடுத்தடுத்து வைத்துச் சாதிக்க முடியவில்லை.

பல அளவுகளில் என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். உலோக அச்சில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக உருக்குக் குச்சியின் முனையில் எழுத்தைச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்து அச்சு எடுத்து, அதில் ஈயக் கலவையை ஊற்றினால் ஒரு எழுத்து. அதனால் சின்ன அளவுக்கு வரும்போது செதுக்குபவர் தானாகவே மயிரிழையைக் கொஞ்சம் தடிப்பாக்குவார், சுழியைத் திறந்துவிடுவார். பெரிய அளவில் கோட்டை இழைப்பார். ஒரே எழுத்துமுகம் அளவுக்கு ஏற்றபடி உடம்பை மாற்றிக்கொள்ளும். இது யாரும் சொல்லித் தந்த கோட்பாடு கிடையாது, கை செய்த வேலை.

இதற்கெல்லாம் முன்பே, 1835இல் அச்சுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், நம் ஆட்களும் அச்சுக்கூடம் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். 1849இல் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அச்சியந்திரம் வாங்கிப் போனார். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓலையிலிருந்து இலக்கியம் ஈயத்துக்கு ஏறின காலம். ஓலையில் ஒரே தடிமனாகக் கிடந்த சொற்களைத் தமிழ் வாசகர்கள் முதன்முதலாகத் தடிப்பும் மெலிவுமாகப் படித்தார்கள். பழைய பதிப்புகளைக் கையில் எடுக்கும்போது வரும் அந்த ‘பழந்தமிழ் வாசனை’ உண்மையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஈய வாசனை.

*

சிவகாசிக்கு அச்சு இலக்கியம் வழியாக வரவில்லை. தீப்பெட்டி வழியாக வந்தது.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை எங்கள் பக்கம் தாலாட்டு மாதிரி. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பின்னால் பட்டாசு பெருகியதும் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு சுற்றுத்தாள் வேண்டும். லேபிளை வெளியூரில் அடித்து வாங்குவதைவிட இங்கேயே அடித்தால் என்ன? அப்படி வந்ததுதான் லித்தோ. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை ஈரமாக்கி, மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். இதில் ஈய எழுத்து கட்டாயமில்லை. எழுத்தும் படம்தான். அணிலை வரைகிற அதே கை ‘அணில்’ என்ற சொல்லையும் வரையும்.

இது பெரிய வித்தியாசம். ஈய எழுத்துக்காரர் எந்தப் பக்கத்திலும் பொருந்தும் ‘ண’வைச் செய்ய வேண்டும். லேபிள்காரருக்கு அந்த ஒரு லேபிளின் ‘ண’ போதும். தூரிகை வேறு, எழுத்தாணி வேறு. தூரிகைக்கு அழுத்தினால் தடிப்பு, தூக்கினால் மெலிவு. அது அதன் இயல்பு. எழுத்து வளைந்தது, நிழல் விழுந்தது, உள்ளே இரண்டு நிறம் ஏறியது, சொல் வில்லாக வளைந்து லட்சுமியின் தலைக்கு மேல் நின்றது. தமிழ் எழுத்து தடிப்பையும் மெலிவையும் கூச்சமில்லாமல் அனுபவித்தது அகராதியில் இல்லை, குருவி வெடிக் கட்டின் மேல். வெடித்தால் கந்தலாகப் போகும் தாளில்.

கோவில்பட்டியில் கொண்டைய ராஜு இருந்தார். 1898இல் பிறந்தவர், 1976 வரை வாழ்ந்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகித் தமிழ்நாட்டின் பூஜையறைகளை நிறைத்தன. அந்த முருகனின் கன்னத்தில் இருக்கும் வழவழப்பு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். படத்துக்குக் கீழே ஜவுளிக்கடைப் பெயர் எப்படி எழுதியிருந்தது என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஓவியருக்காவது கையெழுத்து இருந்தது. எழுத்து வரைந்தவருக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. காலண்டர் கலையைப் பற்றி ஆய்வுகள் வந்திருக்கின்றன, கண்காட்சிகள் நடந்திருக்கின்றன. லேபிள் எழுத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. தமிழ் எழுத்து வடிவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மிஷன் அச்சகங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் பட்டாசுக் கடைக்கும் வர வேண்டும்.

ஆஃப்செட் வந்தது, பிறகு டிடிபி வந்தது. ஸ்ரீலிபி மாதிரி மென்பொருள்களில் வரிசையாகத் தமிழ் ஃபான்ட். தூரிகை போட்டவர்களின் இடத்தில் மவுஸ். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான மாதிரி தயாராக வேண்டும். இந்த அவசரத்தில் எழுத்தை உட்கார்ந்து வரைய யாருக்கு நேரம்? கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபான்டை இழுத்து நீட்டுவார்கள். நீட்டினால் என்ன ஆகும் என்று எந்த டிசைனரும் சொல்வார்: கிடைக்கோடு ஒரு தடிமன், செங்குத்துக்கோடு இன்னொரு தடிமன். தடிப்பும் மெலிவும் வந்துவிடும், ஆனால் வரக்கூடாத இடத்தில்.

*

நடுவில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. எழுத்துச் சீர்திருத்தம்.

பழைய புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும். ‘லை’, ‘ளை’, ‘ணை’, ‘னை’ நான்குக்கும் முன்பு இப்போதைய இணைக்கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கோடு கிளம்பி வளைந்து நிற்கும். ‘ணா’, ‘றா’, ‘னா’வுக்குக் கால் தனியாக வராது, எழுத்தோடு சேர்ந்து சுருண்டிருக்கும். பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் இவற்றை மாற்றி அச்சிட்டார். 1978இல் எம்.ஜி.ஆர் அரசு அதை ஏற்று ஆணை போட்டது. காரணம் அச்சுக்கூடத்திலேயே இருந்தது: தனி வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனி ஈயம், கேஸில் தனி அறை, கம்போசிட்டர் கைக்குத் தனி நடை. தட்டச்சுக்கும் கற்கிற குழந்தைக்கும் சுமை.

நான் சீர்திருத்தத்தின் பக்கம். எழுத்து என்பது எல்லாருக்கும். ஆனால் ஒரு எழுத்து வரைபவரின் கண்ணோடு பார்த்தால் ஒன்று தெரியும். தும்பிக்கைதான் தமிழில் ஒரு கோடு விஸ்தாரமாக வீசி, தடித்து, மெலிந்து முடிய இடமிருந்த இடம். சுழிக் கூட்டத்துக்கு வெளியே, மேலே, காலியான வெள்ளையில். இன்றைய ‘ணை’யில் இணைக்கொம்பும் மூன்று சுழியும் ஒரே வரிசையில் தோள் இடிக்க நிற்கின்றன. நெரிசல் கூடியது, வீச்சுக்கான இடம் குறைந்தது. இது சீர்திருத்தத்தின் மேல் குற்றச்சாட்டு இல்லை, அதன் கணக்கில் எழுதாமல் விட்ட ஒரு செலவு.

மிச்சம் இருக்கும் வீச்சு எங்கே? கொக்கியில், ‘ஸ்ரீ’யில், ‘ழி’யின் விசிறியில், ‘கூ’வின் வாலில். ஓவியர் கே.எம்.ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதின தலைப்பெழுத்துகளைப் பாருங்கள். அவர் எழுத்தைத் தூரிகையின் வெட்டாக யோசித்தார். இலக்கியம் படிக்கும் நமக்கு ‘தீவிரம்’ என்றால் கண்ணில் வருகிற எழுத்து அவருடையதாகிப்போனது. அதில் தடிப்பு உண்டு, மெலிவு உண்டு, முரட்டுத்தனமும் உண்டு. போடோனியின் நளினம் இல்லை. அவருக்கு அது வேண்டியதும் இல்லை. ஒரு புத்தகத்துக்கு ஒரு தலைப்பு என்று கையால் எழுதப்பட்டவை அவை.

*

இப்போது திரைக்கு வருவோம், என் தொழிலுக்கு.

மயிரிழையின் தடிமன் எழுத்தளவில் நாற்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பாயின்ட் அச்சில் அது 0.09 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல தாளில் நிற்கும், நியூஸ்பிரின்டில் நிற்காது. சாதாரணத் திரையில் 16 பிக்சல் எழுத்து என்றால் மயிரிழை 0.4 பிக்சல். அரைப் பிக்சலைத் திரையால் காட்ட முடியாது. முழுப் பிக்சலைச் சாம்பல் நிறமாக்கிக் காட்டும். தடித்த கோடு கருப்பு, மெலிந்த கோடு புகை. அதனால் திரைக்காரர்கள் ரொம்ப காலம் மயிரிழையைத் தொடவே பயந்தார்கள். இன்றைய போன்களின் திரை நெருக்கமானது, பயம் பாதி தீர்ந்தது.

ஆங்கிலத்தில் பயத்தைத் தீர்த்தது வேறொன்றும். 1990களின் தொடக்கத்தில் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காக ஜோனதன் ஹோஃப்லர் ஒரு டிடோவை வரைந்தார். கம்ப்யூட்டர் ஃபான்ட் என்றால் ஒரே வரைபடத்தை எல்லா அளவுக்கும் ஊதுவது. ஊதினால் மயிரிழையும் ஊதும், நளினம் போய்விடும். சுருக்கினால் காணாமல் போகும். ஹோஃப்லர் ஒவ்வொரு அளவு வரம்புக்கும் தனித்தனியாக வரைந்தார், எந்த அளவிலும் மயிரிழை மயிரிழையாகவே நிற்கும்படி. யோசித்துப் பார்த்தால் இது புதுமை இல்லை. உருக்கில் செதுக்கியவர்கள் எல்லாரும் செய்தது. சென்னையில் ஹண்ட்டின் அச்சகத்தில் நடந்ததும் அதே.

தமிழுக்கு இது திரும்ப நடக்கவில்லை. இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் நல்ல யூனிகோட் தமிழ் ஃபான்டுகள் பல உண்டு. கேட்டமரான், முக்தா மலர், பவனம், அனெக் தமிழ். நான் தினமும் இவற்றைப் பயன்படுத்துகிறேன். எல்லாமே பெரும்பாலும் ஒரே தடிமன். எழுத்தாணிக்குத் திரும்பின மாதிரி, சுத்தமாக, நவீனமாக. தடிப்பும் மெலிவும் உள்ள பக்கம் வந்தால் நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி விரல்விட்டு எண்ணலாம். பெரிய அளவுக்கென்று, தலைப்புக்கென்று, மயிரிழை துணிச்சலோடு வரைந்த தமிழ் எழுத்துமுகம் தேடினால் கையில் மிஞ்சுவது குறைவு.

விளைவு கல்யாணப் பத்திரிகையில் தெரியும். எங்கள் பக்கத்து பிரஸ்களில் இன்றைக்கு வருகிற மாப்பிள்ளைகள் தங்கள் முதலெழுத்துகளை ஆங்கிலத்தில், தங்க ஃபாயிலில், போடோனி சாயல் எழுத்தில் கேட்கிறார்கள். உள்ளே தமிழ்ப் பக்கத்தில் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் வாசகம் வழக்கமான டிடிபி எழுத்தில், நீட்டி இழுத்து. சொந்தக்கார அண்ணன் ஒருவர் முப்பது வருஷமாகப் பத்திரிகை அடிப்பவர். அவரிடம் கேட்டேன், தமிழ் முதலெழுத்தை அப்படிப் போட்டால் என்ன என்று. “போடலாம்டா. ஆனா ஃபாயில்ல மெல்லிசு கோடு ஒட்டாது, சுழி அடைச்சுக்கும். இங்கிலீஷ்ல ரெண்டே கோடு, பட்டுனு உக்காந்துரும். ‘ஞானசௌந்தரி’க்கு என்னத்த பண்ணச் சொல்ற?” என்றார்.

ஹாலேயில் பட்ட அதே பாடு. முந்நூறு வருஷத்தில் தொழில்நுட்பம் எத்தனையோ மாறியும் ‘ஞ’ மாறவில்லை.

எனக்கு அண்ணனின் கேள்விதான் சரியான டிசைன் கேள்வி என்று தோன்றுகிறது. தமிழுக்கு ஒரு போடோனி என்றதும் பலரும் ‘அ’விலோ ‘த’விலோ ஆரம்பிக்கிறார்கள்; அழகான, விசாலமான எழுத்துகள். அவற்றின் முனையில் தட்டைச் செரிஃப்பை ஒட்டவைத்துப் பார்க்கிறார்கள், வேட்டிக்குக் கீழே ஷூ போட்ட மாதிரி வருகிறது. செரிஃப் நமக்கு வேண்டியதில்லை. வேண்டியது கோடு எங்கே மெலியலாம் என்கிற தீர்மானம், அதை ‘ஞ’, ‘ணை’, ‘ஐ’, ‘இ’ நான்கும்தான் சொல்ல முடியும். அவற்றில் எவ்வளவு மெலிந்தால் சுழி திறக்கிறதோ, அந்த மெலிவைக் கொண்டுபோய் ‘ப’விலும் ‘ட’விலும் வைக்க வேண்டும். அப்படி ஒருமுறை வரைந்தாலும் போதாது. காலண்டரின் ராகு காலத்துக்கு ஒன்று, புத்தகப் பக்கத்துக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று. இன்றைய வேரியபிள் ஃபான்டில் மூன்றையும் ஒரே கோப்புக்குள் வைத்து, அளவு மாறும்போது தானாக உடம்பை மாற்றிக்கொள்ளச் செய்ய வசதி இருக்கிறது. கோடிங் பக்க வேலை எனக்குத் தெரியும், ஒரு வாரத்தில் முடியும். வரைகிற வேலைக்கு வருஷக்கணக்கு ஆகும். லேபிள் வரைந்த கைகளில் மிஞ்சியிருப்பவர்கள் விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி பக்கம் இன்னும் சிலர் இருப்பார்கள், எழுபதைத் தாண்டிய வயதில். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அண்ணனிடம் அவர்களின் விலாசம் கேட்க வேண்டும். ஒரு நல்ல தூரிகையும், ‘ஞ’ என்று எழுதிப் பார்க்கக் கொஞ்சம் வழவழப்பான தாளும் கொண்டுபோகலாம்.